வீட்டுக்கு வெளியே இருக்கும் உறவு

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மருந்துக் கடைகள் திறந்திருந்தன. காபிக் கடைகளும் நூலகங்களும் மூடப்பட்டன. மருந்து இருந்தால் உயிர் நிற்கும், வீட்டார் இருந்தால் உறவு நிற்கும் என்ற நம்பிக்கை அந்த ஆணைக்குள் சொல்லாமலே அடங்கியிருந்தது. அரிஸ்டாட்டில் இதை ஒப்பியிருக்க மாட்டார். அன்றாடத் தேவைக்கு வீடு, நல்வாழ்வுக்கு ஊர் என்று வகுத்தவர் அவர். (அந்த ஊரில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அவர் பங்கு தரவில்லை என்பது வேறு வழக்கு.) அவருடைய பிரிவினைக்கு எதிர்பாராத சான்று லண்டன் மனநல ஆய்வுகளில் கிடைக்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில், பெற்றோரோடோ மனைவியோடோ வாழப் போனவர்களைவிட வாடகை அறையில் தங்கியவர்கள் நன்றாகத் தேறியதை ஜார்ஜ் பிரவுனும் சகாக்களும் 1958இல் காட்டினார்கள். 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். ஓயாமல் குறைசொல்லும் வீட்டாரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம்பார்த்து இருந்த மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. இதற்காகக் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அந்தக் கடுஞ்சொல்லில் கவனித்துக் களைத்த தாயின் அலுப்பும் இருக்கிறது. நோயாளி பகலில் வெளியே போய்வருவது இருவருக்குமே மூச்சுவிடும் நேரம். ஊரடங்கிலோ, விழித்திருப்பது நாளுக்கு 16 மணி என்று கொண்டால், மூன்றாம் நாளே அந்த 35 கடந்துவிடுகிறது.

நோய்த்தொற்றிலிருந்து அவர்களைக் காக்க வேண்டாமா என்பது வலுவான மறுப்பு. நியூயார்க்கில் 7,348 பேரிடம் நடந்த ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்கள் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு கோருவது முன்னுரிமைத் தடுப்பூசியையும் காற்றோட்டமான சந்திப்பையும்தான். வீட்டாரைத் தவிர வேறு முகம் கூடாது என்பதை அல்ல. தொலைபேசி இருந்ததே என்பார்கள். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பற்றித் தொலைபேசியில் எப்படிப் பேசுவது? ஊரே அடங்கியதில் சில நோயாளிகள் நிம்மதி கண்டார்கள் என்பதும் உண்மையே. யாரிடம் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைத் தாமே தீர்மானிக்க முடிந்தவர்களுக்குக் கிட்டிய நிம்மதி அது; நெரிசலான வீட்டில் இருந்தவருக்கு அந்தத் தீர்மானம்தான் பறிபோனது.

அரசு தனிமையைக் கவனிக்காமல் இல்லை. தனியாக வாழும் வயதுவந்தவர்கள் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம் என்று 2020 ஜூன் 13 முதல் இங்கிலாந்தில் அனுமதி வந்தது. 2021 ஜனவரி ஊரடங்கில், முறையாக நடத்தப்படும் ஆதரவுக் குழுக்களில் 15 பேர் வரை கூடவும் விட்டார்கள். என்றாலும் ‘முறையாக’ என்ற நிபந்தனைக்குள், பெயரும் கேட்காமல் நோயும் கேட்காமல் காபிக் கடையில் தினமும் வணக்கம் சொல்லும் மனிதருக்கு இடமில்லை. பல வெளிநோயாளிகளுக்கு, நோயாளியாக நடத்தப்படாத ஒரே உறவு அவரோடுதான்.