உயரம் ஊழா?

பெரு நாடு முழுவதும் வெப்பமண்டலத்துக்குள் அடங்கியது. அங்கே வெம்மையும் குளிரும் மாதத்துக்கு மாதம் மாறுவதைவிட உயரத்துக்கு உயரம் மாறுவதுதான் அதிகம். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. மேலேறும் காற்று விரிந்து குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6 டிகிரி செல்சியஸுக்குச் சற்று அதிகமாகவே வெப்பநிலை இறங்குகிறது. அதனால் ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் கீழே கோக்கா, நடுவில் மக்காச்சோளம், அதற்கு மேல் உருளைக்கிழங்கு, பயிர் நின்றுபோகும் இடத்தில் லாமா மேயும் புல்வெளி என்று நிலம் அடுக்கடுக்காகப் பிரிகிறது. எது எங்கே விளையும் என்பதில் உயரம் இவ்வளவு கறாராக இருக்கிறதென்றால், அங்கே வாழும் மனிதரின் இயல்பையும் அதுவே விதிக்கிறதா? ஏறக்குறைய ஆம் என்பதுதான் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவின் விடை. குளிர் தேசத்தார் ஊக்கமுள்ளவர்கள், வெப்ப தேசத்தார் சோர்ந்தவர்கள் என்று 1748-இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். இது தவறு. மறுக்கும் சான்று அந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது.

டிட்டிகாக்கா ஏரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் கரையில் வாழ்ந்த லுபாகா மக்களின் நிலத்தில் பருத்தி விளையாது. உயரம்தான் ஊழ் என்றால் அவர்கள் பருத்தி இல்லாமலே வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 1567-இல் ஸ்பானிய அதிகாரி கார்சி தியெஸ் அங்கே நடத்திய விசாரணையின் பதிவுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. லுபாகா குடிகளில் சிலர் பசிபிக் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் குடியேறி மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிட்டார்கள். கிழக்குச் சரிவிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் இருந்தன. அப்படிப் போனவர்கள் ஏரிக்கரை உறவையும் உரிமையையும் இழக்கவில்லை. மானுடவியலாளர் ஜான் முர்ரா 1972-இல் இந்த ஏற்பாட்டை விளக்கி எழுதியது ஆண்டிஸ் ஆய்வின் போக்கையே மாற்றியது. மேட்டு நிலத்தின் உறைபனியையும் அவர்கள் வீணாக்கவில்லை. கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, பகல் வெயிலில் உலர்த்தினால் சுன்யோ கிடைக்கும். அது ஆண்டுக்கணக்கில் கெடாது. பயிரைக் கருக்கும் குளிரே களஞ்சியத்தையும் நிரப்பியது. பனி நிலத்தின் இயல்பு. அதைக் கொண்டு உணவைச் சேமிக்கலாம் என்பது மனிதர் கண்ட வழி.

மனம் எப்படியோ, உடலை உயரம் வளைத்துவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். மெல்லிய காற்றைச் சமாளிக்க ஆண்டிஸ் மக்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கிறது. ஆனால் ஒத்த உயரத்தில் வாழும் திபெத்தியருக்கு அது அவ்வளவு உயர்வதில்லை. அவர்கள் உடல் வேறு விதமாகப் பழகியிருக்கிறது. யாரும் தேர்ந்தெடுக்காத உடலிலேயே ஒரே உயரத்துக்கு இரண்டு விளைவுகள் என்றால், வழக்கத்திலும் அறத்திலும் ஒன்றே ஒன்றுதான் விளையும் என்று எப்படிச் சொல்வது?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் எல்லாரும் விரும்பியா போனார்கள்? இல்லை. இன்கா அரசு குடிகளைக் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்த்தது. இதை மறைத்துவிட்டு அந்த ஏற்பாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அது மலை இட்ட ஆணை அல்ல, அரசு இட்ட ஆணை. அரசின் ஆணையைக் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். உயரத்தைக் காரணமாக்கும்போது நாம் இழப்பது இந்த வேறுபாட்டைத்தான். மலைநாட்டின் வறுமைக்குக் குளிரையும் மெல்லிய காற்றையும் காரணம் காட்டுவது இன்றும் எளிதாக இருக்கிறது. ஆனால் பெருவில் 1969-இல் நிலச்சீர்திருத்தம் வரும்வரை நல்ல நிலங்களில் பெரும்பகுதி பண்ணையார்களிடம் இருந்தது. பண்ணை வீடும் கூலியாளின் குடிசையும் நின்றது ஒரே உயரத்தில்தான்.