யானைக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனியில் லேபிள் தைப்பவராக இருந்தால் உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க யார் யார் பெயரையோ தைக்கிறீர்கள். உங்கள் பெயர் ஒன்றில்கூட இருக்காது. அதனால், எங்காவது தன் பெயரை எழுதிவைக்கும் ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால், எங்கே எழுதுவது? கோவையைத் தாண்டி, கேரள எல்லையோரம் குமிட்டிபதியில் ஒரு பாறையில் வெள்ளை நிறத்தில் யானை நிற்கிறது. வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் இன்னும் பெரிய பாறை. அங்கே மலையேற வந்தவர்கள் பழைய ஓவியங்களின் மேலேயே கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

'அந்தாள் கிறுக்கினா ஓவியம், நான் கிறுக்கினா குத்தமா?' என்று ஒரு பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'பழசு, தொடாதே' என்பது பதிலாகாது. அவன் பெயரும் ஒருநாள் பழசாகிவிடுமே! தவிர, 1957-ல் வாகன்கர் கண்டுபிடித்த பீம்பேட்கா குகைகளில் ஒருவர் படத்தின் மேலேயே இன்னொருவர் வரைந்திருக்கிறார். ஆதி மனிதரும் ரொம்பத் தயங்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இது: பையனுக்கு எழுத செல்போன் இருக்கிறது, வீட்டுச் சுவர் இருக்கிறது, ரேஷன் கார்டிலேயே பெயர் இருக்கிறது. யானை வரைந்தவருக்கு, தான் இருந்ததற்கு அந்தப் பாறையை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

சரி, பூட்டிவிடலாமா? பிரான்ஸின் லாஸ்கோ குகையில் யாரும் கிறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கைகட்டிப் பார்த்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்தது. 1963-ல் மூடிவிட்டார்கள், இப்போது மக்கள் பார்ப்பது நகலை. குமிட்டிபதியிலும் கதவு போட்டால், ஒரு கோடும் கிழிக்காத நீங்களும் வெளியேதான் நிற்க வேண்டும். சம்மதமா?