நம்பாதவர் காத்த ஏடு

மணிமேகலை துறவு பூண்டது காஞ்சியில். காப்பியத்தின் கடைசிக் காதைகளுக்கு இந்த ஊர்தான் களம். ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த யுவான் சுவாங், நூறு பௌத்தப் பள்ளிகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறித்துவிட்டுப் போனார். தன் மதத்தைச் சேராத எண்பது தேவர் கோயில்களையும் விடாமல் எண்ணினார். இன்று பெரிய காஞ்சியில் சிவன், சின்ன காஞ்சியில் வரதர், திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில், ஊரை ஒட்டிய ஏனாத்தூரில் சங்கர மடத்தாரின் பல்கலைக்கழகம் என்று எல்லாம் இருக்கின்றன. அந்தப் பத்தாயிரம் பேர் மட்டும் இல்லை. ஆனால் அவர்களுடைய காப்பியம் நம் கையில் இருக்கிறது. பனையோலை சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே பெரிது. அப்படியானால் பௌத்தம் போன பிறகும் யாரோ உட்கார்ந்து, எழுத்தாணியால் கீறி, மை தடவி, தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் புத்தரைக் கும்பிட்டவர்களாக இருந்திருக்க முடியாது. தான் நம்பாத ஒன்றை ஒருவர் நேர்மையாகக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி இந்த ஊரில் எழுவது இயல்புதான். அதற்கு மிகத் தெளிவான சாட்சி மட்டும் தொலைவில் கிடைக்கிறது. இன்றைய ஜார்க்கண்டின் சந்தால் பர்கானாவில் வாழ்ந்த ஒரு நார்வே நாட்டுப் பாதிரியார் அவர். பெயர் பால் ஓலாஃப் போடிங்.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் போடிங்கைச் சொல்ல முடியாது. லார்ஸ் ஓல்சென் ஸ்க்ரெஃப்ஸ்ருட், இளம் வயதில் திருட்டுக் குற்றத்துக்காக நார்வேயில் சிறையில் இருந்தவர். அங்கேயே மொழிகள் கற்றவர். 1867-ல் பேனாகரியாவில் சந்தால் மக்களுக்கான மிஷனைத் தொடங்கினார். சித்தோ, கானு சகோதரர்களின் தலைமையில் சந்தால்கள் கிளர்ந்தெழுந்து, கம்பெனிப் படையால் நசுக்கப்பட்டு அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1870-71-ல் கோலேயான் என்ற முதிய குரு, தம் முன்னோர் வரலாற்றைச் சொல்லச் சொல்ல ஸ்க்ரெஃப்ஸ்ருட் எழுதிக்கொண்டார். எங்கும் நீராக இருந்த காலத்தில் மண்புழு அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து ஆமையின் முதுகில் கழித்ததால் நிலம் உண்டான கதை அது. இரண்டு பறவைகள் இட்ட முட்டைகளிலிருந்து முதல் ஆணும் முதல் பெண்ணும் பிறந்த கதை. ஆறு நாளில் கடவுள் உலகைப் படைத்தார் என்று போதிக்க வந்தவர், மண்புழு படைத்த உலகத்தை வார்த்தை வார்த்தையாக எழுதி, 1887-ல் சந்தாலி மொழியிலேயே புத்தகமாக்கினார். இதில் உள்ள முரண் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

போடிங் 1865-ல் நார்வேயின் யோவிக்கில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பைபிளைச் சந்தாலியில் முழுமையாகக் கொண்டுவந்தார். அது அவர் வந்த வேலை. மற்றவை வந்த இடத்தில் பிடித்துக்கொண்ட வேலைகள்: மூன்று தொகுதி நாட்டுக்கதைகள், நோயையும் மருந்தையும் பற்றிய பெரிய ஆய்வு, 1929-க்கும் 1936-க்கும் இடையில் ஆஸ்லோவில் அச்சான ஐந்து தொகுதி அகராதி. இந்தப் பட்டியலைவிடக் கதைகளை அவர் சேர்த்த முறைதான் நமக்கு முக்கியம். அவர் கேட்டுக் குறிப்பெடுக்கவில்லை. ஐரோப்பியக் காதில் விழுந்தால் மொழியும் எண்ணமும் சாயமேறிவிடும் என்று அஞ்சி, பெரும்பாலான கதைகளைச் சந்தால்களையே எழுதச் சொன்னார். அதிகம் எழுதியவர் மோகுல்பஹாரியில் வாழ்ந்த சாக்ராம் முர்மு. தன் காதையே சந்தேகப்படுகிற இந்தப் பண்பை நேர்மை என்று சொல்வதா, அடக்கம் என்று சொல்வதா தெரியவில்லை. நம்பாத ஒன்றைக் காப்பவருக்கு அன்பைவிட இது அவசியம். அன்பு உள்ளவர் திருத்துவார். ஆபாசமாகத் தோன்றும் வரியை எடுத்துவிடுவார், பாட்டன் சொன்னது தப்பாக இருக்காது என்று சரிசெய்வார். இன்னொரு வசதியும் வெளியாளுக்கு உண்டு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை ஊர்க்காரர் எழுத மாட்டார். எந்த வேரை எப்போது பிடுங்கி எதனோடு அரைப்பது என்பது பாட்டிக்குத் தெரியும். பாட்டி போனதும் யாருக்கும் தெரியாது. போடிங்குக்கு எதுவும் தெரியாததால் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது.

இவ்வளவு புகழ வேண்டாம், வந்தது மதம் மாற்ற, வேரை வெட்டிக்கொண்டே பூவைப் பாடம் செய்து வைத்தவர்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மிஷனில் சேர்ந்த சந்தால்கள் போங்கா என்னும் தெய்வங்களுக்குப் பலியிடுவதைக் கைவிட வேண்டியிருந்தது. தங்கள் கையால் கலைந்துபோகும் ஒன்றை அதே கையால் எழுதிவைத்தார்கள் என்ற உண்மையை எந்த அகராதியும் மறைக்காது. நான் சொல்ல வருவது வேறு. ஒருவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்பதும், செய்த வேலை எப்படிப்பட்டது என்பதும் தனித்தனிக் கணக்குகள். வேலை சுத்தமாக இருந்தால், நோக்கத்தை மறுப்பவரும் அதைப் பயன்படுத்தலாம். சந்தால்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் கோலேயான் சொன்னதைத் தங்கள் பழைய வரலாறாகவே வைத்திருக்கிறார்கள். மிஷனரிகள் தந்த ரோமன் எழுத்து போதாது என்று பண்டித் ரகுநாத் முர்மு 1925-ல் ஒல் சிக்கி என்ற தனி எழுத்தையே உருவாக்கினார். 2003-ல் சந்தாலி மொழி அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. பாதிரியார் தந்ததை வாங்கிக்கொண்டு, வேண்டாததைத் தள்ளவும் அவர்களால் முடிந்தது. வேலை வேறு மாதிரி நடந்திருந்தால், தள்ளுவதற்குக்கூட எதுவும் கையில் இருந்திருக்காது.

வெளிநாட்டார் கதையாகவே இதைப் பார்க்க வேண்டியதுமில்லை. கோலேயானின் புத்தகம் பேனாகரியாவில் வந்த அதே 1887-ல்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் சைவ மடத்தில் படித்தவர், நூலோ சமணருடையது. சைவர்களில் பலர் அதை வாசிக்கத் தகாததென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் அர்த்தம் கேட்டார். பதினோரு ஆண்டு கழித்து மணிமேகலை வந்தபோது பௌத்தத்தையும் அப்படியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் சீகன்பால்கு 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற மனநிலையில் அங்கிருந்த மிஷன் மேலிடத்தார் அதை அச்சிடாமல் போட்டுவிட்டார்கள். அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்பிக்கை உறுதியாக இருந்தவர்கள் பூட்டினார்கள். அதே நம்பிக்கையுள்ள இன்னொருவர் எழுதியிருந்தார். ஆகவே பிரச்சினை மதத்தில் மட்டும் இல்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எழுதினால் கதை உறைந்துபோகும். கோலேயான் ஒரு வட்டாரத்து மனிதர். அவர் சொன்னது ஒரு பாடம். பக்கத்துக் கிராமத்து குரு ஆமையை விட்டுவிட்டு வேறெதையாவது சொல்லியிருக்கலாம். அச்சில் வந்தது மூலமாகிறது, வராதது பிழையாகிவிடுகிறது. காஞ்சித் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருவங்களுக்கு நூலால் அடை கட்டி நெய்த காலத்தில் ஒரு யாளியோ மயிலோ கைக்குக் கை கொஞ்சம் மாறும். ஜக்கார்டு அட்டையில் துளை போட்ட பிறகு எல்லா யாளியும் ஒரே யாளி. இழப்புதான். ஆனால் அட்டை இல்லாத உருக்கள் பல இன்று எந்தத் தறியிலும் இல்லை என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஒரு பாடமாவது எஞ்சியதா, பல பாடங்களும் சேர்ந்து போயினவா என்பதே நடைமுறையில் வாய்த்த தேர்வு.

போடிங்கிடம் நான் குறை காண்கிற இடம் வேறு. அதையும் தறியை வைத்தே சொல்கிறேன். காஞ்சியின் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் நெய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கரைப் பக்கம் ஒரு துணையாள், பெரும்பாலும் வீட்டுப் பையனோ மனைவியோ, நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு கணம் தவறினால் உடலும் கரையும் பிரிந்து நிற்கும். கூலிச் சீட்டில் அந்த ஆளின் பெயர் இருக்காது. சாக்ராம் முர்மு போடிங்கின் கதைகளுக்கு அந்தத் துணையாள். கணக்குப் பார்த்தால் நெய்தவரே அவர்தான். 1909-ல் அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தந்த பாம்பாஸ் தன் முன்னுரையில் அவர் பெயரைச் சொல்கிறார். ஆனால் பிறகு வந்த மூன்று தொகுதிகளையும் உலகம் போடிங்கின் நூல்கள் என்றே அறியும். கையெழுத்துப் பிரதிகள் ஆஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்தன. சந்தால் பர்கானாவில் இன்று சந்தாலி படிக்கும் பிள்ளை ஒன்று, சாக்ராம் தன் கையால் ஒரு வார்த்தையை எப்படி எழுதினார் என்று அந்தத் தாளிலேயே பார்க்க ஆசைப்பட்டால், கடல் தாண்டித்தான் விசாரிக்க வேண்டும்.