கண் தெரியாத கடைக்காரி

வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்தில் தூங்க முடியாது. விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கும்வரை விழித்திருக்க வேண்டுமே! அதற்காகத்தான் எங்கள் வீடுகளில் பரமபதப் படத்தை விரிப்பது. இந்தத் தடவை தில்லைநகரிலிருந்து வந்திருந்த என் தங்கை பிள்ளை, படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். "வாங்கோ மாமா, இதுவும் பரமபதந்தான்" என்றான்.

'அல்டிமா' என்று வரிசையாக வந்த அமெரிக்க விளையாட்டு அது. ரிச்சர்ட் காரியட் என்பவர் செய்தது. 1981-லிருந்து 1983 வரை வந்த முதல் மூன்று பாகங்களும் வழக்கமான ராஜகுமாரன் கதைதான். பொல்லாதவனை ஒழித்து நாட்டைக் காப்பாற்ற வேண்டும். நடுவே கடையில் திருடலாம், வழியில் போகிறவனை வெட்டலாம். கடைசியில் நீதான் வீரன். விளையாடியவர்களின் கடிதங்களைப் படித்த காரியட்டுக்கு இது உறுத்தியிருக்கிறது. 1985-ல் வந்த நான்காம் பாகத்தில் கொல்ல வேண்டிய வில்லனே கிடையாது. வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் தேறி 'அவதார'மாக வேண்டும். நம் சொல்லேதான். தசாவதார சந்நிதி உள்ள ஊர்க்காரனுக்கு அவதாரம் என்றால் மேலிருந்து இறங்குவது. இவர்கள் கீழிருந்து ஏறுவதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். போகட்டும்!

அதில் மூலிகை விற்கிறவளுக்குக் கண் தெரியாது. விலையை அவள் சொல்லுவாள். எத்தனை காசு வைப்பது என்பது நம் இஷ்டம். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வாள். ஒரு சண்டையும் இல்லை. உள்ளே எங்கோ வாய்மைக் கணக்கு மட்டும் குறைந்துவிடும். பரமபதத்தில் ஒருவன் பாம்பின் வாயில் விழுவது பாவம் செய்ததாலா? மூன்று விழுந்ததால்!

1988-ல் வந்த ஐந்தாம் பாகத்தில், ராஜா இல்லாத சமயம் பார்த்து பிளாக்தார்ன் என்ற பிரபு அதே எட்டுக் குணங்களைச் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்குப் போகும். வருமானத்தில் பாதியைத் தர்மம் செய்யாதவனுக்கு வருமானமே இல்லை. இதுதான் வரிசையிலேயே உசத்தி என்கிறான் பிள்ளையாண்டான். எனக்கு நான்காவதுதான். கொடுங்கோலனை எதிர்ப்பது நியாயம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மூலிகைக் கடையில் நம்மைத் தவிர யாரும் இல்லை.

அவன் விடவில்லை. "உள்ளே கணக்கு இருக்குன்னு தெரிஞ்சப்புறம் யார் குறைச்சு வைப்பா? நானும் முழுக் காசுதான் வைக்கிறேன். அது வாய்மையா, சாமர்த்தியமா?"

எனக்குப் பதில் வரவில்லை. கணக்கே இல்லாத இடத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு எட்டு வயசு. பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. சோழியைக் குலுக்கிப் போடுவது அவள்; எண்ணிச் சொல்வதும் காயை நகர்த்துவதும் நான். ஏணிக்கு நாலு வேண்டும், நாலே விழுந்திருக்கும். "மூணு பாட்டி" என்பேன். "சரிடா" என்பாள். சொர்க்கவாசல் திறப்பதற்குள் நான் மூன்று தடவை பரமபதம் போய்விட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் பாம்பின் வயிற்றில்.

மறுநாள் பெட்டியிலிருந்து அந்தச் சோழிகளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். எது மல்லாந்திருக்கிறது, எது கவிழ்ந்திருக்கிறது என்று தடவினாலே விரலுக்குத் தெரிகிறது. பாட்டி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சோழிகளை ஒன்றொன்றாகத் தடவித்தான் பொறுக்குவாள். அவசரமே பட மாட்டாள்.