ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு, சென்னையின் அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியேற்றும் பணி வேகம் பிடித்தது. அது நியாயமா?

சட்ட ஒழுங்கைப் பெரிதாக மதிப்பவர், ஆறு பொதுச்சொத்து, விலக்கு யாருக்கும் கூடாது என்பார். அவரை ஏழைகளின் விரோதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் விதி செத்த ஊரில் முதலில் மிதிபடுவது எளியவர்தான் என்ற அச்சமும் அவர் பேச்சில் உண்டு. சூழலியலாளர் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் பேசுகிறார். இடதுசாரி பார்ப்பது பிழைப்பை. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்பதை 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

சமூகநீதி பேசிய திராவிட இயக்க ஆட்சி 1970-இல் குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. நகரத்தின் நடுவில் ஏழைக்கும் இடமுண்டு என்பது அதன் பொருள். பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வீடுகள் ஊருக்கு வெளியே போயின. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் போக்கு மாறவில்லை. சமூகநீதி என்ற பெயர் அப்படியே இருக்க, உள்ளிருந்த மதிப்பு மட்டும் கழன்று விழுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஒருவரின் கொள்கை எவ்வளவு உண்மையானது என்பது, அது அவரைச் சேர்ந்தவர்களுக்கே இழப்பைத் தரும்போதுதான் தெரியும். 2022-இல் ராம்சர் ஈரநில உடன்படிக்கையின் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பைமேடும் சாலைகளும் பெரிய கட்டடங்களும் பல ஆண்டுகளாகத் தின்றன. அவற்றைத் தொடாமல் குடிசையோடு நின்றுவிடும் ஒழுங்கு, வலியவருக்குச் செய்யும் சேவகம். அதேபோல், குடிசைகள் கரையிலேயே இருக்கட்டும் என்பவர் அடுத்த வெள்ளத்தில் போகும் உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து அகற்றியது சரி. வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தொலைவில், அதுவும் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில் குடியேற்றியது தவறு. அரசு இனியாவது மாற்று வீடுகளுக்கு நகருக்குள் உள்ள தன் நிலங்களை முதலில் பார்க்கட்டும்.