பாடத்திற்கும் களா உண்டு

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் கடைசி வாரம். ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் அழைப்பை ஏற்று, 22ஆம் நாள் முதல் தமிழகமெங்கும் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். ஆரணியில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், பட்டு நெய்யும் அன்பர் ஒருவர் ஹவுளின் ஓரத்தில் நம்மருகே வந்து அமர்ந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு மாணவி. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஹஜ்ரத், நாங்க தறியை நிறுத்தினா எங்க வயிறு காயும். வாத்தியாருங்க நிறுத்தினா எங்க புள்ளைங்க படிப்பு இல்லே காயுது? இது மார்க்கத்துல ஆகுமா?” என்று கேட்டார்.

விடை சொல்ல நமக்கு உடனே நா எழவில்லை. நாமும் பாடம் சொல்லிப் பிழைப்பவரே. ஆகுமென்றால் சொந்த இனத்துக்குப் பரிந்து பேசியதாகும். ஆகாதென்றால் ஆசிரியரின் குடும்பத்தை மறந்த தீர்ப்பாகும். கேள்வியை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஓதிய கிதாபுகளை நினைவிலே புரட்டினோம்.

கற்பிப்பவர் கூலி பெறலாமா என்பது நம் முன்னோர் நெடுங்காலம் ஆராய்ந்த மஸ்அலா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஆசிரியரின் கடமைகளைக் கூறுமிடத்து, கற்பித்தலுக்குக் கைம்மாறு நாடாமையை அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்கள் குர்ஆன் ஓதிக்கொடுக்கக் கூலி வாங்குவதைத் தடுத்தார்கள். ஷாஃபியீ மத்ஹபினர் அனுமதித்தார்கள். பின்வந்த ஹனஃபி அறிஞர்களும் அனுமதியின் பக்கமே வந்து சேர்ந்தார்கள். காரணம் என்ன? பைத்துல் மாலிலிருந்து ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த உதவி நின்றுபோயிற்று. கூலியும் இல்லையென்றால் ஆசிரியர் வேறு தொழில் தேடிப் போவார். பிள்ளைகள் ஓதாமலே வளர்வார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

இக்காரணத்தை ஊன்றி நோக்க வேண்டும். மாணவனின் கல்வி அழியாதிருக்கவே இவ்வனுமதி பிறந்தது. ஆகவே, ஆசிரியரின் ஊதிய உரிமைக்கு வேர் மாணவனிடத்தில் இருக்கிறது. அவ்வுரிமைக்கு வலிமை தருபவனும் அவனே. எல்லை இடுபவனும் அவனே.

ஒருவர் தனித்துக் கேட்டுப் பெற முடியாததைப் பலர் சேர்ந்து கேட்பதற்கே சங்கம் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பும் வலியதாகவே வந்திருக்கிறது. 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, தமிழக அரசு ‘டெஸ்மா’ சட்டத்தைக் கொண்டு ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பணிநீக்கம் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சட்டம் இன்னதென்று சொல்வது நீதிமன்றத்தின் பணி. ‘தார்மிகம்’ என்ற சொல்லையோ நாம் ஒவ்வொருவரும் நம் மனசாட்சியிலும் வைத்து எடைபோடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரமளானில் பிரயாணியும் நோயாளியும் நோன்பை விடலாம். விட்டதற்காக அவர்கள் குற்றவாளிகள் அல்லர். எனினும், விட்ட நாள்களை எண்ணி வேறு நாள்களில் களாச் செய்தாக வேண்டும். நியாயமான காரணம் குற்றத்தைப் போக்கும், கடனைப் போக்காது. ஆசிரியரின் வேலைநிறுத்தத்தையும் நாம் இவ்வாறே காண்கிறோம். மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பின்னர் அவர் வகுப்பைவிட்டு வெளியேறியிருந்தால், அவரைப் பழிக்க நமக்கு வாயில்லை. ஆனால், விட்ட பாடம் கடனாய் நிற்கிறது.

30ஆம் நாள் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நெசவாள அன்பரிடம், “ஆகும், ஆனால் களா உண்டு” என்றோம். அவர் சிரித்தார். “அப்போ என் மக பாடத்தைக் களாச் செய்யச் சொல்லி வாத்தியார்கிட்ட கேக்கலாமா?” என்றார். “தாராளமாகக் கேளுங்கள். அது அவளுடைய ஹக்கு” என்றோம்.

களா ஆசிரியர் தலையில் மட்டும் விழுந்ததன்று. கற்பிப்பவருக்குத் தொடர்ந்து கற்கும் வாய்ப்பைத் தரவேண்டியவர்களும் கடன்பட்டிருக்கிறார்கள். 1966 அக்டோபர் 5ஆம் நாள் பாரிஸ் மாநகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. ஆசிரியர் அமைப்புகளைக் கல்வி வளர்ச்சிக்கான ஒரு சக்தியாக மதிக்க வேண்டும் என்பதும், பணியிடைப் பயிற்சி எல்லா ஆசிரியருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளன. ஊதியமும் பயிற்சியும் ஒரே ஏட்டில் இடம்பெற்றது பொருத்தமே. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் அது கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் கலங்கிப் போனார்கள்.

இங்கே நம் ஆரணித் தறி ஒரு நியாயத்தைச் சொல்லித் தருகிறது. சேலையின் டிசைன் மாறினால் ஜக்கார்டு அட்டையும் மாறும். கைதேர்ந்த நெசவாளியும் முதல் சேலையில் சற்றுத் தடுமாறக்கூடும். புதிய வேலையைக் காட்டிக் கொடுக்காமல், பிழை வந்ததென்று கூலியை மட்டும் பிடிக்கும் முதலாளியை ஊர் நியாயவான் என்று சொல்லாது. காட்டிக் கொடுத்தும் கவனியாமல், பழைய கைப்போக்கிலேயே நெய்து பட்டைப் பாழாக்கும் நெசவாளியையும் ஊர் மெச்சாது. தேர்வு வைப்போர் முன்னதை எண்ணட்டும்; சங்கத்தார் பின்னதை எண்ணட்டும். ஊதிய உயர்வுக்கு எழுப்பும் அதே குரலில் நல்ல பயிற்சியையும் சங்கம் கேட்குமானால், பெற்றோர் அதன் பின்னே நிற்பார்கள்.

பிறருக்குச் சொல்லுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மதரஸாவில் பல்லாண்டுகள் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஸர்ஃபும் நஹ்வும் நடத்தினோம். புரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்கினோம். அவர்களுள் சிலர் ஓதுவதையே விட்டுப் போனார்கள். வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்க நம்மை யாரும் பயிற்சிக்கு அனுப்பவில்லை, நாமும் கேட்கவில்லை. அறிவை அதிகமாக்கும்படி இறைவனிடம் கேட்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கே ‘தாஹா’ அத்தியாயத்தில் கட்டளை வந்திருக்க, கற்றது போதுமென்று நாம் இருந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளின் பாடத்தை நாம் எப்போது களாச் செய்வது?

நம் மக்தபுகளில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளை நினைத்துப் பாருங்கள். உலமாக்களுக்கும் பணியாளர்களுக்குமான நலவாரியத்தைத் தமிழக அரசு 2009ஆம் ஆண்டில் அமைத்தது. ஆயினும், மக்தபுச் சம்பளம் ஜமாஅத்தின் கையில். சேர்ந்து கேட்க அவர்களுக்குச் சங்கம் எங்கே? அரபு மதரஸாக்கள் விடுமுறை விடும் நாள்களில் சுற்றுவட்டார உஸ்தாதுகளை ஒன்றுகூட்டி, பத்து நாள் பயிற்சி அளிக்கலாமே! பிள்ளைகளின் மனம் அறிந்து கற்பிக்கும் முறையை, அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே சொல்லித் தரலாமே!

ஆண்டுவிழாவில் உஸ்தாதுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஜமாஅத் கணக்குப் புத்தகத்தில் அவருடைய முறையான சம்பளத்துக்கும், அவர் கற்கும் பத்து நாளுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறோமா? எழுதவில்லையெனில், அந்தக் களா நம் மேல்தான் நிற்கிறது.