சாம்புவுக்கு மோட்சம் உண்டா?

ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் பத்து பகாட் போகும் பஸ் தாமதமானால் எனக்குக் கவலையில்லை. பையில் எழுத்தாளர் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ இருக்கும். 1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். வங்கிக் குமாஸ்தா சாம்பு, சுத்த அசடு. எதையோ செய்யப் போவார், திருடன் தானாக மாட்டுவான். ஊரே மேதை என்று கும்பிடும். (அதை அவரும் நம்பிவிடுவார், பாவம்!)

சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வரும்: அறியாமல் செய்ததற்குப் பலன் நியாயமா? சிவராத்திரி வேடன் கதையும் இதுதானே. புலிக்குப் பயந்து வில்வமரம் ஏறினான், தூக்கம் வராதிருக்க இலைகளைக் கிள்ளிப் போட்டான், கீழே லிங்கம். மோட்சமே கிடைத்தது. கர்மக் கணக்கு பார்த்தால் உதைக்கிறது. ஆனால் வேடன் தூங்கவில்லை, சாம்பு வீட்டில் உட்காரவில்லை. அருளுக்கு அவ்வளவு போதும் என்பதே என் கட்சி.